வேண்டாதவை நீக்கப்பட்டன

புதுப் போன்கள் கடைக்கு வருவதற்கு முன்பே ரெஜினாவின் வீட்டுக்கு வந்துவிடும். சில வாரம் வைத்துப் பயன்படுத்திப் பார்த்து, நல்லது கெட்டதைத் தமிழில் வீடியோவாகச் சொல்வது அவள் தொழில். திருச்சி பாலக்கரையில் மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறைதான் அவளுடைய ஸ்டுடியோ. காசு வாங்கிக்கொண்டு புகழ்கிறவள் இல்லை என்று பெயர் எடுத்திருந்தாள். போன் சூடானால் சூடாகிறது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள்.

பெங்களூரு நிறுவனம் ஒன்று அனுப்பிய அந்தப் போனுக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. அதில் இருந்த கேமரா செயலிக்கு மட்டும் பெயர் உண்டு. தெளிவு.

வழக்கம்போல முதலில் காந்தி மார்க்கெட்டுக்குப் போனாள். தக்காளியின் சிவப்பும் கத்திரிக்காயின் ஊதாவும் எப்படி வருகின்றன என்று பார்ப்பது அவள் பழக்கம். பிறகு காவிரிப் பாலத்தில் நின்று மலைக்கோட்டையை எடுத்தாள். திரையில் வந்த படத்தைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டாள். குறுக்கே ஓடிய மின்கம்பிகள் இல்லை. யாரோ ஒருவரின் பிறந்தநாள் பேனர் இல்லை. வானமும் பாறையும் ஆறும் மட்டும். வீடியோ இன்னும் அதிசயமாக இருந்தது. குறுக்கே நடந்து போனவர்கள் காணாமல் போயிருந்தார்கள். அவர்கள் மறைத்த இடமெல்லாம் இயல்பாக நிரம்பியிருந்தது. பஸ் ஹாரன்கூட இல்லை, காற்றின் சத்தம் மட்டும் கேட்டது. படத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: வேண்டாதவை நீக்கப்பட்டன.

எதையும் அவள் தொட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. போனே தெரிந்துகொண்டிருந்தது. பல வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறவளுக்கு இப்படி ஒன்றைக் கையில் வைத்திருப்பது குழந்தைத்தனமான சந்தோஷத்தைக் கொடுத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் மகள் ஷாரனுக்குப் புதுநன்மை, முதல் முறையாக நற்கருணை வாங்கும் நாள். பூசை முடிந்து வீட்டில் பிரியாணிச் சாப்பாடு. ரெஜினா அந்தப் போனில்தான் எல்லாவற்றையும் எடுத்தாள். விருந்தாளிகள் கிளம்பிய பிறகு மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வீடியோவைப் போட்டாள்.

வெள்ளை கவுனில் ஷாரன் மேஜை நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா லூர்துராஜ் என்னவோ சொல்ல எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அவர் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. "பச்சடியில உப்பு போட்டேனே அண்ணி, நீங்க கலக்காம எடுத்திருப்பீங்க" என்று ரெஜினாவின் குரல் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துச் சொன்னது. பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஷாரன் அந்தப் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். மூடினாள். மென்றாள்.

"அம்மா, அத்தை எங்க?" என்றாள் ஷாரன். "எனக்கு அத்தைதானே ஊட்டிவிட்டாங்க?"

லூர்துராஜின் அக்கா பிலோமினா மாடிப் போர்ஷனில் இருந்தாள். கணவர் இறந்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். பச்சடியில் உப்பு, ஷாரனின் பின்னல், ரெஜினா வீடியோவில் சிரிக்கும் சிரிப்பு, எதுவுமே அவள் வாயில் விழாமல் தப்பாது. விருந்து முழுக்க அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தவள் அவள்தான்.

ரெஜினா போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். பிலோமினா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ஒரு நிமிஷம் இங்க பாருங்க."

"போட்டோவா? இந்தப் புடவையிலயா? சரி, எடு. மத்தியான போட்டோவையும் அனுப்பிவிடு, ரெஜினா. ஊர்ல கேட்டாங்க."

திரையில் கட்டில் இருந்தது. மடித்த துணிகள் இருந்தன. மடிக்காத ஒரு துண்டு தானாக உயர்ந்து, தானாக இரண்டாகி, நான்காகி, அடுக்கின் மேல் போய் அமர்ந்தது. அடியில் அதே வரி.

"நல்லா வந்திருக்கா?" என்றாள் பிலோமினா.

"நல்லா வந்திருக்கு அண்ணி" என்றாள் ரெஜினா.

மறுநாள் காலையிலேயே பெங்களூருக்குப் போன் போட்டாள். சோதனைக்குப் பொறுப்பாக இருந்த முகுந்தன் என்ற இன்ஜினியர் எடுத்தான்.

"ஆளையே எடுத்துடுதே முகுந்தன். கூட்டத்துல போறவங்கள இல்ல. எங்க வீட்டு ஆள."

அவன் ஆச்சரியப்படவில்லை. "யாரு மேடம்?"

"எங்க அண்ணி."

"ம்" என்றான். "முன்கேமரா உங்க கண்ணைத்தான் மேடம் பாத்துக்கிட்டிருக்கும். படம் எடுக்கும்போது கண் எதுல போய் நிக்குது, எதைத் தாண்டிப் போகுது, கருவிழி எப்போ சுருங்குது, கை எப்போ இறுகுது. கொஞ்ச நேரத்துலயே கத்துக்கும். குப்பைத்தொட்டியப் பாத்தா ஒரு மாதிரி தாண்டிப் போவோம் இல்லையா? அதே மாதிரி எதைத் தாண்டினாலும் வேண்டாததுன்னு எடுத்துக்கும்."

"மனுஷங்களயுமா?"

"அதுக்கு மனுஷன், மின்கம்பி எல்லாம் ஒண்ணுதான் மேடம்."

"இதை யாரும் புகார் சொல்லலயா?"

"இல்ல மேடம். எடுத்தவங்களுக்குப் படம் பிடிச்சிருக்கு. படத்துல இல்லாதவங்களுக்கு இந்தப் போன் இருக்கறதே தெரியாது." அவன் குரலில் பெருமை இல்லை. "வேற ஒருத்தர் கையில குடுத்தா அவங்க முகத்தை வச்சுத் தனியாக் கத்துக்கும். உங்க கணக்கு உங்களோட."

"நீங்க உங்க வீட்ல குடுத்துப் பாத்தீங்களா?"

"இல்ல மேடம்" என்றான் முகுந்தன். "நான் அதை ஆபீஸ்லயே வச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்."

இப்படி ஒரு செயலி இருக்கிறது, எச்சரிக்கையாக இருங்கள் என்று அன்றைக்கே ஒரு வீடியோ போட்டிருக்கலாம். ரெஜினா போடவில்லை. போட்டால் எதை நீக்கியது என்று சொல்ல வேண்டும். அதைவிட, உள்ளே வேறொரு அரிப்பு தொடங்கியிருந்தது. லூர்துராஜின் கையில் கொடுத்தால், அவர் எடுக்கும் படத்தில் அவள் இருப்பாளா?

லூர்துராஜ் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். கோவில் பாடகர் குழுவில் பாடுவார். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் அவரைச் சுற்றி நாலு பேர் நின்று சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவரைப் பிடிக்காதவர்கள் பாலக்கரையில் இல்லை. ஆனால் தன்னை அவருக்கு எவ்வளவு பிடிக்கும் என்று ரெஜினா கேட்டதே இல்லை. கேட்டால் ஏதாவது ஜோக் சொல்லியிருப்பார்.

"என்னங்க, இந்தப் போனைக் கொஞ்ச நாள் நீங்க வச்சிருங்க. வேற ஆள் கையில எப்படி இருக்குன்னு பாக்கணும்."

"சம்பளம் உண்டா?" என்று கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த வாரம் முழுவதும் அவள் எதையும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு மாலை, சமையலறையில் நின்றபடி, "என்னை ஒரு போட்டோ எடுங்களேன்" என்றாள். அவர் எடுத்துக் காட்டினார். திரையில் அவள் இருந்தாள். கன்னத்தில் மாவு, கலைந்த தலை, பின்னால் கழுவாத பாத்திரங்கள் உட்பட எல்லாம் இருந்தன. ஒரு கரண்டியைக்கூட அது நீக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் காட்டிய மற்ற ஒன்றிரண்டு படங்களில் பிலோமினாவும் இருந்தாள், பள்ளிக்கூட வாசலில் படுத்திருக்கும் சொறிநாயும் இருந்தது. எதையும் வேண்டாம் என்று சொல்லாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள். அதன் பிறகு அந்தப் போனைப் பற்றி அவளுக்குப் பயமில்லை.

முக்கொம்புக்குப் போகலாம் என்று சொன்னதும் லூர்துராஜ்தான். ஞாயிறு பூசை முடிந்து, புளிசாதமும் முட்டையும் கட்டிக்கொண்டு நான்கு பேரும் போனார்கள். ஆற்றில் தண்ணீர் நிறைய வந்துகொண்டிருந்தது. மதகுகளின் இரைச்சல் பூங்கா வரைக்கும் கேட்டது. சாப்பிட்டு முடித்ததும், "எல்லாரும் வாங்க, ஒரு போட்டோ" என்று கூப்பிட்டு, ஷாரனைத் தோளோடு அணைத்துக்கொண்டு, கையை நீட்டி எடுத்தார்.

ஷாரன்தான் முதலில் எட்டிப் பார்த்தாள். "அப்பா, நீங்க இல்ல."

"கேமராவுக்குக் கண்ணு கூசியிருக்கும், என் அழகைப் பாத்து" என்றார். ஷாரன் சிரித்தாள். பிலோமினாவும் சிரித்தாள்.

ரெஜினா போனை வாங்கிப் பார்த்தாள். அவளும் பிலோமினாவும் ஆளுக்கொரு ஓரத்தில். நடுவில் ஷாரன் சாய்ந்து நின்றாள், காற்றின் மேல். விழாமல் ஒருத்தி அவ்வளவு சாய்ந்து நிற்க முடியாது. அவளுடைய தோள்பட்டையில் சட்டை ஐந்து விரல் அகலத்துக்குக் கசங்கியிருந்தது. விரல்கள் இல்லை.

வேண்டாதவை நீக்கப்பட்டன.

அவள் விரல் தானாகப் பின்னால் தள்ளிக்கொண்டு போனது. ஆசிரியர் அறையில் எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் படம். எடுத்தவர் இருக்க வேண்டிய முன் ஓரம் காலி. பாடகர் குழுவோடு ஒன்று, அதிலும் காலி. அப்புறம் வீட்டுக் கண்ணாடி. குளியலறை ஓடு, பிரஷ் வைக்கும் டப்பா, ஆளில்லாத கண்ணாடி. அடுத்ததும் கண்ணாடி. அடுத்ததும். வேறு வேறு சட்டை மாட்டிய கொக்கி, வேறு வேறு வெளிச்சம், ஒவ்வொரு நாளும் ஒன்று. அவர் முதல் நாளே பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, மறுநாளும் பார்த்திருக்கிறார்.

"அண்ணி, பாப்பாவ ஊஞ்சலுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்றாள். பிலோமினா அவள் முகத்தைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் ஷாரனின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

லூர்துராஜ் சாப்பாட்டுப் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ரெஜினா அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"இது எப்படி வேலை செய்யுதுன்னு நான் உங்ககிட்ட சொல்லவே இல்ல."

"நான் கணக்கு வாத்தி, ரெஜி. எது போகுது, எது நிக்குதுன்னு ரெண்டு நாள் பாத்தா தெரியாதா?" டிபன் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். "மூஞ்சியத் தாண்டித்தான் போகுது கண்ணு. கண்ணாடியில ஷேவ் பண்றப்பவும் தாண்டித்தான் போகும். போன் வந்தப்புறம்தான் அது தெரிஞ்சுச்சு."

"எவ்ளோ நாளா?"

"சரியாச் சொல்லத் தெரியல. போன வருஷமே இருந்துச்சு. எல்லாரும் சிரிக்கறப்போ பரவால்லாம இருக்கும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டறப்போ திரும்ப வந்துடும்."

"காரணம் ஏதாவது? ஸ்கூல்ல? நான் ஏதாவது?"

"காரணம் இருந்தா சொல்லியிருப்பேன். அதான் சொல்ல முடியல. எல்லாம் இருக்கறவன் போய் என்னன்னு சொல்றது?"

அவள் மதகுப் பக்கம் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். கேட்கக் கூடாது என்று தோன்றியது. கேட்டாள்.

"இன்னைக்கு இங்க வரலாம்னு ஏன் சொன்னீங்க?"

அவர் டிபன் டப்பாவைப் பைக்குள் வைத்தார்.

"நாலு பேரும் ஒரு போட்டோவுல இருக்கணும்னு தோணுச்சு" என்றார். "நான் முன்னாடி ஒரு தடவை தனியா வந்து நின்னு பாத்துட்டுப் போனேன். இன்னைக்கு ஒண்ணும் பண்றதா இல்ல, ரெஜி. இன்னைக்கு இல்ல."

ரெஜினா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். வீடு வந்து சேரும் வரை, பஸ்ஸில்கூட, விடவில்லை.

அன்று மாலை பிலோமினாவிடம் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அவள் ஏதாவது சொல்லுவாள், ஜெபம் பண்ணச் சொல்லுவாள், உன் வீடியோவால் வந்த வினை என்பாள் என்று ரெஜினா எதிர்பார்த்தாள். பிலோமினா கேட்டு முடித்ததும் தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு கீழே வந்துவிட்டாள். "நான் ஹால்ல படுத்துக்கறேன்" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. மறுநாள் தில்லை நகரில் மனநல டாக்டரிடம் மூன்று பேருமாகப் போனார்கள். லூர்துராஜ் பள்ளிக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தார். மாத்திரைகள் தொடங்கின. மதியம் முழுவதும் பிலோமினா தம்பியோடு உட்கார்ந்து பயறு உரிப்பாள், கீரை ஆய்வாள். அவர் பேசினால் பேசுவாள். பேசாவிட்டால் அவளும் பேசமாட்டாள். வாய் ஓயாத அவளால் இப்படி இருக்க முடியும் என்று ரெஜினாவுக்கு அதுவரை தெரியாது.

போனை உடைத்துப் போட்டுவிடலாம் என்று ரெஜினா நினைத்தாள். லூர்துராஜ்தான் வேண்டாம் என்றார்.

"டாக்டர் எப்படி இருக்கேன்னு கேட்டா, நல்லா இருக்கேன்னு எனக்கே தெரியாம சொல்லிடறேன். இது ஒண்ணுதான் நான் சொல்றத நம்ப மாட்டேங்குது."

அதனால் தினமும் காலையில் காப்பி குடித்ததும் ஒரு படம். நாற்காலி, ஜன்னல், காலண்டர். ஆள் இல்லை. "இன்னைக்கும் லீவு" என்பார். ரெஜினா ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்ப்பாள். தன் கையில் போன் இருக்கும்போதும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு நாள் கீரை ஆய்கிறவர்களை எடுத்தபோது, அதுவரை காலியாகவே வந்த பிலோமினாவின் இடத்தில் இரண்டு வளையல் போட்ட ஒரு கை மட்டும் தண்டைக் கிள்ளிக்கொண்டிருந்தது. கைக்கு மேலே ஒன்றும் இல்லை. வேறு யாராவது பார்த்திருந்தால் பயந்திருப்பார்கள். ரெஜினாவுக்கு அதைப் பார்த்து அழுகை வந்தது.

நிறுவனத்திலிருந்து முகுந்தன் கூப்பிட்டான். விமர்சனம் இன்னும் வரவில்லை, போனையும் திருப்பி அனுப்பவில்லை. மற்ற எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்றான். ரெஜினா நடந்ததைச் சொன்னாள்.

"மேடம், உங்க சார் மட்டும் இல்ல" என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. "சோதனையில இருக்கற போன்கள்ல இன்னும் சில பேருக்கு இப்படி வருது. எடுக்கறவங்களே படத்துல இல்ல. முன்கேமரா கோளாறுன்னு எழுதி வச்சிருக்காங்க. அடுத்த அப்டேட்ல சரி பண்ணிடுவாங்க."

"சரி பண்றதுன்னா?"

"போன் வச்சிருக்கற ஆளோட முகத்தை எப்பவும் நீக்கக் கூடாதுன்னு ஒரு விதி. முகம் சரியாக் கிடைக்கலேன்னா, பழைய படத்துலேர்ந்து எடுத்து நிரப்பிக்கும்."

"அந்த மத்தவங்க யாரு, முகுந்தன்?"

"போனோட நம்பர் தெரியும். ஆள் யாருன்னு கேக்கறதுக்கு எனக்கு அனுமதி இல்ல மேடம்."

"யாராவது அவங்க வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொல்லணும்."

"நான் மேல சொன்னேன் மேடம். அப்டேட் போட்டா புகார் நின்னுடும்னாங்க."

அன்றைக்கே ரெஜினா ஸ்டுடியோவில் உட்கார்ந்து வீடியோ எடுத்தாள். அண்ணியைப் பற்றியும் சொன்னாள், மறைக்கவில்லை. லூர்துராஜ் தன் பெயரையும் சொல்லச் சொன்னார். இந்தப் போன் வைத்திருக்கிறவர்கள் தங்களைத் தாங்களே எடுத்துப் பாருங்கள், படத்தில் நீங்கள் இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள் என்று முடித்தாள். நிறைய பேர் பார்த்தார்கள். நல்ல கதை என்று எழுதினார்கள். போன் விற்பனைக்கு வருவதற்கு முன்பே இவ்வளவு விளம்பரமா என்று ஒருவர் கேட்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு புதன்கிழமைக் காலை. ரெஜினா அடுப்பில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். ஹாலிலிருந்து ஷாரன் கத்தினாள்.

"அம்மா, அப்பா வந்துட்டாங்க. போட்டோல அப்பா வந்துட்டாங்க."

அவள் கரண்டியோடு ஓடினாள். பிலோமினா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டிருந்தாள். ஷாரன் போனை உயர்த்திப் பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தாள். திரையில் நாற்காலி, ஜன்னல், காலண்டர், அவற்றின் நடுவில் லூர்துராஜ். தெளிவாக, முழுசாக, பல் தெரியச் சிரித்துக்கொண்டு. ஊரே விரும்பும் சிரிப்பு. கடவுளே என்று ரெஜினா வாய்க்குள் சொன்னாள்.

அப்போதுதான் திரையின் மேல் ஓரத்தில் இருந்த சின்னக் குறியைப் பார்த்தாள். தெளிவு புதுப்பிக்கப்பட்டது.

அவள் நிமிர்ந்து நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தாள். சவரம் செய்யாத முகம், சிவந்த கண். போனுக்காக அவர் கையை நீட்டினார். கொடுப்பதா வேண்டாமா என்று ஒரு கணம் தவித்தாள். அது நிஜம் என்று அவர் நம்பிவிட்டால் நல்லதா, கெட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஷாரன் அதற்குள் கொடுத்துவிட்டாள்.

லூர்துராஜ் படத்தை வெகுநேரம் பார்த்தார். முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார்.

"ரெஜி" என்றார். "நான் சிரிக்கலயே."

அடுப்பில் தோசை தீயும் வாசனை வந்தது.

"நேத்து ராத்திரி முழுக்கத் தூங்கல. ரொம்ப மோசமா இருந்துச்சு. உன்னை எழுப்பலாமான்னு ரெண்டு மூணு தடவை கையை நீட்டினேன்."

"எழுப்பியிருக்கலாமே."

"எழுப்பியிருக்கணும்" என்றார் அவர். போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். "இன்னைக்கு டாக்டரப் பாக்கப் போலாமா? இன்னைக்கே."

பிலோமினா ஏற்கெனவே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஆட்டோவில் ரெஜினாவுக்கும் பிலோமினாவுக்கும் நடுவில் லூர்துராஜ் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். சாலையெல்லாம் காலை வெயில். ரெஜினா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பெயர் தெரியாத அந்த மற்ற வீடுகளை நினைத்துக்கொண்டு வந்தாள். இந்நேரம் அங்கேயும் யாரோ ஒருவர் தன்னைப் படம் எடுத்திருப்பார். பல நாளாகக் காணாமல் போயிருந்தவர் சட்டகத்துக்குள் திரும்பி வந்து சிரித்துக்கொண்டிருப்பார். அந்த வீட்டில் இருப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு, அப்பாடா என்று தங்கள் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள்.